ஜன்னல் இல்லாத அறையில் ஒரு நிறச்செடி

என் வீட்டுக்காரருக்கு வெளிச்சத்தின்மேல் தீராத சந்தேகம் ஒன்று உண்டு. இதைச் சொன்னால் இப்போதும் மறுப்பார், மறுக்கட்டும். துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் அவர் ஸ்டோர் கிராணியாக, இருப்புக் கணக்கு எழுதுகிறவராக இருந்தார். காலையில் உள்ளே போனால் சாயங்காலம் வரை வெங்காயம், மிளகாய் வற்றல், பருப்பு, மஞ்சள் மூட்டைகளோடுதான் குடித்தனம். வெயில் பட்டால் மிளகாய் நிறம் இறங்கும், மஞ்சள் வெளுக்கும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே உலகத்தில் எந்தப் பொருளும் கெடாமல் இருக்க வேண்டுமானால் இருட்டில் வைக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தார். அந்த முடிவின்படி கல்யாணம் ஆனதும் என்னையும் கொண்டுவந்து ஓர் இருட்டு அறையில் வைத்தார்.

ஐம்பதுகளின் கடைசி வருடங்கள் அவை. சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், கீழே மசாலா அரைக்கும் கடையும் மேலே குடித்தனங்களுமாக ஒரு பழைய கடைவீடு. மேல்மாடியைப் பலகைத் தடுப்புப் போட்டு ஐந்து அறைகளாகப் பிரித்திருந்தார்கள். தெருவைப் பார்த்த முன்னறைக்கு மூன்று ஜன்னல்கள். மற்ற நான்கு அறைகளுக்கும் கதவு உண்டு, ஜன்னல் கிடையாது. எங்களுடையது நடுவில் இருந்தது. தடுப்புப் பலகை கூரை வரைக்கும் எட்டாது. மேலே ஒரு முழம் இடைவெளி விட்டிருந்தார்கள். அதன் வழியாக நடையில் தொங்கிய பல்பின் மஞ்சள் வெளிச்சமும் பக்கத்து அறைக்காரரின் குறட்டையும் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தன. பகல் வெளிச்சம் வேண்டுமென்றால் கதவைத் திறந்து வைக்க வேண்டும். நடையின் கோடியில், வீட்டுக்கு நடுவே, மேலே கூரை இல்லாத சின்ன முற்றம் ஒன்று உண்டு. அங்கே இறங்குகிற வெளிச்சம் கொஞ்சம் உள்ளே நடந்து வந்து, எங்கள் வாசல்படியைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் நின்றுவிடும்.

வீட்டை மொத்தமாக எடுத்து, எங்களுக்கெல்லாம் அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தவரை எல்லோரும் பெரியம்மா என்று கூப்பிடுவோம். கீழே பின்கட்டில் இருந்தார். அவர் பேசினால் எதிர்வீட்டுக்காரர்கள் பதில் சொல்வார்கள், அத்தனை குரல். முன்னறையில் இருந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா. அவருடைய கணவருக்கு அரசாங்க அலுவலகத்தில் கிளார்க் வேலை. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை, செடிகள் இருந்தன. மூன்று ஜன்னல் விளிம்பிலும் பால் டின், பிஸ்கட் டின், உடைந்த தேநீர்ப் பானை என்று கிடைத்ததிலெல்லாம் செடி வைத்திருந்தார். தினம் காலையில் ஒவ்வொன்றின் இலையையும் ஈரத்துணியால் துடைப்பார். என் பிள்ளைக்குக்கூட நான் அவ்வளவு பொறுமையாக முகம் துடைத்ததில்லை.

இனி என் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என்னைப் பற்றி.

நான் கறுப்பு. மாநிறம் என்று என் அம்மா தரகரிடம் சொன்னார், அது தாய்ப்பாசம். பெண் பார்க்க வந்த அன்று இவருடைய அத்தை, "பொண்ணு நிறம் கொஞ்சம் மட்டு. ஆனா மூக்கும் முழியுமா இருக்கா" என்று என் காதில் விழும்படியாகவே சொன்னார். மூக்கும் முழியும் இல்லாமல் ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு காப்பித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு ஐந்து வருடம் வரைக்கும் என் முகத்தைப் பற்றி நல்லதாகவோ பொல்லாததாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. மிளகாய் வற்றலின் நிறத்தைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசுவார்.

பெண் பிறந்தாள். என் நிறத்தையே கொண்டு பிறந்தாள். ஆஸ்பத்திரியில் அவளைக் கையில் வாங்கியபோது எனக்குச் சந்தோஷத்தோடு ஒரு பயமும் வந்தது. இவளும் ஒரு நாள் காப்பித் தட்டோடு நிற்பாளே, எவளாவது அத்தை இவள் காதில் விழும்படி ஏதாவது சொல்வாளே என்று.

பார்க்க வந்த பெரியம்மா தைரியம் சொன்னார். "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? வெயில் காட்டாம உள்ளுக்குள்ளேயே வெச்சு வள. ஒரு வருசத்துல வெளுத்துடுவா பாரு."

எனக்கு அது வேதவாக்கு. நல்ல வேளையாக, வெயிலுக்கு ஒளிந்துகொள்ள சிங்கப்பூரிலேயே சிறந்த அறையை என் வீட்டுக்காரர் ஏற்கனவே பிடித்து வைத்திருந்தார். பிள்ளையை உள்ளேயே வைத்து வளர்த்தேன். சமைக்கக் கீழே போனால் தொட்டிலில் போட்டுவிட்டுப் போவேன். வெளியே தூக்கிப்போக வேண்டியிருந்தால் தலையிலிருந்து கால் வரை துண்டு, துண்டுக்கு மேலே குடை. பெரியம்மா சொன்னது பலித்தது. எட்டு மாதத்தில் பிள்ளை வெளுக்க ஆரம்பித்தாள். ஒரு வயது நிரம்பியபோது பார்க்கிறவர்களெல்லாம், "உன் பொண்ணா இது, நம்பவே முடியலயே" என்றார்கள். அதில் எனக்கு எங்கேயோ ஓர் அடி இருந்தது. ஆனாலும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

ஒரே ஒரு குறைதான். பிள்ளை எழுந்து நிற்கவில்லை. தவழ்வாள், உட்காருவாள், கொஞ்ச நேரத்தில் களைத்துப்போய்ச் சாய்ந்துவிடுவாள். தூக்கி நிறுத்தினால் கால் துணிபோல மடங்கும்.

தாய்சேய் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்த மலாய்க்கார நர்ஸ் பிள்ளையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், காலைத் தடவிப் பார்த்தார். பிறகு, நீ படுக்கிற அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், மூன்று இருக்கிறது என்றேன். முன்னறை ஜன்னல்களை என்னுடையதாக்கிக்கொண்டு வாய் கூசாமல் சொன்ன பொய். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. காலை வெயிலில் தினம் கொஞ்ச நேரம் வை என்று சொல்லி, மீனெண்ணெய் ஒரு புட்டி கொடுத்தனுப்பினார். நான் கிளினிக் வாசலிலேயே குடையை விரித்து, பிள்ளையை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். அவ்வளவு புத்திசாலி நான்.

இந்த நேரத்தில்தான் செடி வந்தது.

அக்காவின் செடிகளிலேயே எனக்குப் பிடித்தது ஒரு நிறச்செடி. பூவே வேண்டாம், இலையே பூ மாதிரி இருக்கும். நடுவில் ரத்தச் சிவப்பு, ஓரத்தில் பச்சை விளிம்பு. ஒரு நாள் அவர் அதன் கொப்புகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் போட்டால் நாலு நாளில் வேர் விடுகிற சாதி அது. எனக்கு ஒன்று தாருங்கள் அக்கா என்றேன்.

"தாறன் தங்கச்சி. ஆனா உங்கட அறைக்குள்ளையோ வைக்கப் போறியள்? வெளிச்சம் இல்லாட்டி இதுக்கு நிறம் பிடியாது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் நிறம் என்ற சொல்லை யார் எங்கே சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று தைக்கும். போதாததற்கு அந்த வருடம் என் தலை கொஞ்சம் கனத்திருந்தது. அதற்கும் காரணம் பெரியம்மாதான்.

பெரியம்மா வருடா வருடம் அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவார். மண்சட்டியில் எருப்போட்டுப் பயறு தூவி, மாடிப்படிக்குக் கீழே கரிமூட்டை இருக்கும் இருட்டுப் பொந்தில் வைத்து, மேலே கூடையால் மூடிவிடுவார். வெளிச்சமே படக்கூடாது, கண்டவர் கண்ணும் படக்கூடாது. பத்தாம் நாள் கூடையைத் தூக்கினால் முளைகள் மஞ்சளாக, மெலிசாக, முழ உயரத்துக்கு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது நடக்கும். அந்த வருடம் பெரியம்மாவுக்கு மூட்டுவலி, தண்ணீர் தெளிக்கிற வேலை எனக்கு வந்தது. கூடையைத் தூக்கிய அன்று, இத்தனை உயரம் என்றைக்கும் வந்ததில்லை, உன் கை ராசியான கை என்று பெரியம்மா தெருவுக்கே சொன்னார்.

அந்த ராசியான கையை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "குடுங்கக்கா. எங்க ரூம்ல எப்படி வருதுன்னு பாருங்க."

அக்கா ஒரே கொப்பிலிருந்து இரண்டு துண்டு வெட்டினார். ஒன்றைத் தனக்கு ஒரு பால் டின்னில் வைத்துக்கொண்டார். மற்றதை எனக்கு ஒரு பால் டின்னில் வைத்துக் கொடுத்தார். ஒரே நாள், ஒரே மண், ஒரே தண்ணீர்க் குழாய்.

என் டின்னை அறையின் மூலையில், துணிப்பெட்டியின்மேல் வைத்தேன். மூன்றாவது வாரம் பார்த்தால், நம்ப மாட்டீர்கள், என்னுடையது அக்காவுடையதைவிட நாலு விரல் உயரம். ஆறாவது வாரம் ஒரு சாண் உயரம். அக்காவுடையது குட்டையாய், குண்டாய், அடியிலிருந்து இலையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. என்னுடையது நெடுநெடுவென்று போனது. டின்னைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்க் காட்டினேன்.

அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ஓம், உயரமாத்தான் வந்திருக்கு" என்றார். உதட்டின் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பொறாமை என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பி வந்தேன்.

பெரியம்மா படியேறி வந்து பார்த்துவிட்டு, "முளைப்பாரி கணக்கா வந்திருக்குடி" என்று நெட்டி முறித்தார். என் வீட்டுக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. "நான் சொன்னேன்ல? வெயில்ல வெச்சது குட்டை. உள்ள வெச்சது நெட்டை. இருட்டுல வெச்ச எதுவும் கெடாது" என்று சாப்பிடும்போது ஒரு தரம், கை கழுவும்போது ஒரு தரம் சொன்னார்.

சில சங்கதிகளை நான் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு ஜோடி இலைக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே வெறும் தண்டு நாலு விரலுக்கு நீண்டிருந்தது. புதிதாக வந்த இலைகள் சின்னதாக இருந்தன. சிவப்பு கரைந்துபோய் வெளிறிய பச்சையாகிவிட்டது. செடி வெளுத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் வெளுப்பது நல்ல செய்தி என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடி இலைகள் உதிர்ந்தன. விடிந்ததும் பொறுக்கி, கறிகாய்க் குப்பைக்கு அடியில் ஒளித்துவிடுவேன். தண்டு நிற்க மாட்டாமல் சாய்ந்தது. விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி நட்டு, என் ரிப்பன் துண்டால் கட்டினேன். அப்படியும் அது எந்நேரமும் கதவுப் பக்கமே வளைந்து நின்றது. டின்னைத் திருப்பி வைப்பேன். நாலு நாளில் தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் கதவையே பார்க்கும். இதென்ன பிடிவாதம் என்று அதனோடு சண்டை போட்டிருக்கிறேன்.

பிள்ளையும் அப்படித்தான். எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கப் போட்டாலும் முகம் கதவைப் பார்த்துத் திரும்பிவிடும். கதவு திறந்திருந்தால் தவழ்ந்து போய், அந்த ஒரு சாண் வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் அதற்குள் வைத்துக்கொள்வாள். கறுத்துவிடுவாளே என்று நான் பின்னாலிருந்து இழுத்து உள்ளே போடுவேன்.  எத்தனை தரம் இழுத்திருப்பேன்.

அவளுக்கு ஒன்றே கால் வயதானபோது கீழே மசாலாக் கடைக்காரரின் பேத்தி, இவளுக்கு இரண்டு மாதம் இளையவள், கடை வாசலை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் தத்தித் தத்தி ஓட ஆரம்பித்தாள். கறுகறுவென்று இருப்பாள். கன்னம் பளபளக்கும். ஓடிப் போய்த் தூணில் முட்டிக்கொண்டு அழுவாள், திரும்பவும் ஓடுவாள். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.  என் பிள்ளை மாடியில் பாயில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், அழக்கூடத் தெம்பில்லாமல். இவள் நடக்காமலே போய்விட்டால் என்ற நினைப்பு அன்றைக்குத்தான் முதலில் வந்தது. வந்த பிறகு போகவில்லை.

அந்த மாதமே அக்காவின் கணவருக்கு அரசாங்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. முன்னறை காலியாகப் போகிறது. பெரியம்மா முதலில் என்னிடம்தான் கேட்டார். "வேணும்னா மாசக் கடைசிக்குள்ள சொல்லு. கேக்குறதுக்கு ஆள் ரெடியா இருக்கு. வாடகை கொஞ்சம் கூடத்தான், ஜன்னல் இருக்குல்ல."

இரவுச் சாப்பாட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே பேச்சை எடுத்தேன். நல்ல ரசமாகத்தான் வைத்திருந்தேன்.

"முன்னறையா? எதுக்கு?" என்றார்.

"ஜன்னல் இருக்குங்க."

"ஜன்னலையா திங்கப்போறோம்?"

"பிள்ளைக்குக் கொஞ்சம் காத்து, வெளிச்சம்…"

"ஜன்னல் வந்தா தூசி வரும், தெருச் சத்தம் வரும், மத்தியானம் வெயில் அப்படியே உள்ள இறங்கும். பிள்ளை இப்பத்தான் நல்லா நிறமா வந்திருக்கா. அதைக் கெடுக்கணுமா? அந்தச் செடியப் பாரு. அதுவே சாட்சி."

 அந்தச் சாட்சியை ஊரெல்லாம் காட்டிப் பெருமை அடித்தவளே நான்தானே. கிளினிக்கில் நர்ஸ் சொன்னதைச் சொல்லலாம் என்றால், மூன்று ஜன்னல் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

மாசக் கடைசிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. இவர் எங்கள் அறைப் பல்புக்குக் கீழே நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலை பத்து மணி, வெளியே நல்ல வெயில், உள்ளே பல்பு. பிள்ளை வழக்கம்போல வாசல்படியில். அக்கா தம்முடைய பால் டின்னை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தார்.

"குவார்ட்டர்ஸுக்கு எல்லாத்தையும் கொண்டு போகேலாது தங்கச்சி. இதை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ. ரெண்டும் ஒரே கொப்பிலை வந்ததுகள், ஒண்டாவே இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, துணிப்பெட்டியின்மேல் என் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். அதுவரை இரண்டையும் நான் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை. ஒன்றைப் பார்த்துவிட்டு நடந்து போய் மற்றதைப் பார்ப்பேன். நடக்கிற தூரத்திலேயே என் பெருமை வேண்டியதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இப்போது பல்பு வெளிச்சத்திலேயே தெரிந்தது. ஒன்று சிவப்பும் பச்சையுமாக இலை விரித்து, தொட்டால் கை சில்லிடும் கனத்தோடு இருந்தது. மற்றது குச்சியில் ரிப்பனால் தூக்குப் போட்டு நின்றது.

இவர் பேப்பரை மடக்காமலே எட்டிப் பார்த்தார். "ஆனா எங்களுதுதான் உயரம்" என்றார்.

"ஓம், உயரம்தான்" என்றார் அக்கா. "நல்லாக் கிட்ட வந்து பாருங்கோ."

அதில் ஒரு சவால் இருந்தது. கிராணியாயிற்றே, சரக்கை வந்து பார் என்றால் பார்க்காமல் இருக்க முடியுமா? எழுந்து வந்தார். அக்காவின் செடித் தண்டை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு எங்களுடையதை. மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தரம் பார்க்கிறபோது வருகிற முகம் வந்துவிட்டது. நகத்தால் தண்டை லேசாகக் கீறினார். உடனே மடங்கி, தண்ணீர் கசிந்தது.

"இது முளைச்ச வெங்காயம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் எனக்குச் சொல்லவும் இல்லை, தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி பேசினார். "கிட்டங்கில பின்னாடி மூலைல ஒரு மூட்டை மறந்து போயி கெடந்துச்சுன்னா இப்படித்தான் முளைக்கும். வெள்ளையா, நீளமா, முழங்கை நீளத்துக்கு. புதுசா பாக்குறவன் ஆகா எப்படி வளந்திருக்குன்னுவான். வெங்காயத்த அமுக்கிப் பாத்தா உள்ள ஒண்ணும் இருக்காது. தன்கிட்ட இருந்ததெல்லாம் போட்டு வெளிச்சத்தத் தேடியிருக்கும். அதுக்குப் பேரு வளர்ச்சி இல்ல. அந்த மூட்டைய அப்படியே கழிச்சுடுவோம்."

கழிச்சுடுவோம் என்று சொல்லி வாய் மூடவில்லை, அவர் பார்வை வாசல்படிக்குப் போயிற்று. பிள்ளை எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெளிச்சத்துக்குள் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். கழுத்து மெலிந்து, வெள்ளையாக இருந்தது.

இவர் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் கெண்டைக்காலை அதே இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். அக்கா மெல்ல நழுவி முன்னறைக்குப் போய்விட்டார்.

"இவ எழுந்து நின்னு நான் பாத்ததே இல்லியே" என்றார்.

"நானும் பாக்கல."

"கிளினிக்ல என்ன சொன்னாங்க?"

சொன்னேன். மூன்று ஜன்னல், காலை வெயில், குடை, எல்லாவற்றையும் சொன்னேன். இவள் என்னைப்போல ஆகிவிடக் கூடாது என்றுதான் செய்தேன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து, பித்தான்களைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். கீழே பெரியம்மாவின் குரல் கேட்டது. "என்னது, முன்னறையா? நீங்களா?" அந்த ஆச்சரியம் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

முன்னறைக்குப் போன முதல் நாளே நான் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். இத்தனை நாள் பட்டினி கிடந்த செடிதானே என்று என் டின்னை ஜன்னல் விளிம்பில், நேர் வெயிலில் வைத்தேன். மத்தியான வெயில் இரண்டே நாளில் இலைகளை அப்பளம் மாதிரி பொரித்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு உயிர் திரும்பி வந்தது.

"நான் சொன்னேன்ல, வெயில் கெடுக்கும்னு?"

"சொன்னீங்க. இருட்டு கெடுக்காதுன்னும் சொன்னீங்க."

 அன்று சாயங்காலமே வெள்ளைச் சாக்கட்டி ஒன்றோடு வந்து, ஜன்னலிலிருந்து உள்நோக்கித் தரையில் கோடு கோடாகப் போட ஆரம்பித்தார். புதுச்சரக்கை எடுத்த எடுப்பில் வெயிலில் போடக் கூடாதாம், படிப்படியாகக் கொண்டுபோக வேண்டுமாம். முதல் வாரம் இந்தக் கோட்டில், வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது. இரண்டாம் வாரம் அடுத்த கோட்டில், காலை வெயில் மட்டும் தொடும். விளிம்புக்கு ஒரு முழம் உள்ளே கடைசிக் கோடு, அதற்கு மேல் போகக் கூடாது. அக்கா போகும்போது சொல்லிவிட்டுப் போனபடி, நீண்ட தண்டைப் பாதிக்கு மேல் வெட்டிப்போட்டோம். நான் அத்தனை பேருக்கும் காட்டிய உயரம் குப்பைக்குப் போயிற்று.

செடிக்குக் கோடு போட்டவர் பிள்ளைக்கும் ஒன்று போட்டார். தினம் காலை வேலைக்குப் போகுமுன் அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டில் உட்காருவார். வெளிச்சமே ஆகாத மனிதர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வேன். மீனெண்ணெயை அவரே ஊட்டினார், அவள் துப்பினாள், சட்டையை மாற்றிக்கொண்டு போவார்.

வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு கணுவிலிருந்து துளிர் வந்தது. முதல் ஜோடி இலை வெளிறித்தான் இருந்தது. இரண்டாவது ஜோடியில் நடுவே ஒரு சிவப்புக் கீற்று. மூன்றாவது ஜோடி முழுச் சிவப்பு. செடி குட்டையாக, அக்காவுடையதைப் போலவே குண்டாக வந்தது. இரண்டையும் ஜன்னலோரம் ஒரு பழைய சரக்குப் பெட்டியின்மேல் வைத்திருந்தோம்.

அந்தச் சிவப்பு இலைமேல் பிள்ளைக்குக் கண். ஒரு நாள் காலை, நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன், இவர் தலைசீவிக்கொண்டிருந்தார். பெட்டியின் விளிம்பைப் பிடித்தாள். முக்கினாள். முழங்காலை ஊன்றினாள். எழுந்து நின்றாள். நின்று, ஒரு கையை விட்டு, ஆகச் சிறந்த இலையாகப் பார்த்துப் பறித்து வாயில் வைத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் அசையவில்லை. இவர் சீப்பைத் தலையில் வைத்தபடியே நின்றார். பிறகு, "திங்கட்டும், விடு" என்றார். நான்தான் ஓடிப்போய் இலையை வாயிலிருந்து எடுத்தேன்.

அடுத்த திருவிழா வருவதற்குள் அவள் நடையில் ஓடினாள், படியில் உருண்டாள், அஞ்சடியில் மசாலாக் கடைப் பேத்தியோடு மண்ணில் விளையாடினாள். கறுத்தாள். கொஞ்சநஞ்சமல்ல, பிறந்தபோது இருந்ததற்கு ஒரு பிடி மேலேயே கறுத்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு மூலையில் இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பழக்கம் ஒரே நாளில் போகுமா?

ஒரு சாயங்காலம் இவர் வேலையிலிருந்து வந்து அஞ்சடியில் நின்றிருந்தார். நான் குழாயடியிலிருந்து வாளியோடு வந்துகொண்டிருந்தேன். பெரியம்மா முளைப்பாரிச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தவர், எங்களைத் தாண்டி ஓடிய பிள்ளையைப் பார்த்துத் தாடையில் கை வைத்தார்.

"எப்படி வெளுத்து வந்த பிள்ளை. இப்படிக் கரிக்கட்டையாட்டம் விட்டுட்டீங்களே தம்பி. யாரக் கொண்டு இந்தக் கறுப்பு?"

 இவர் பிள்ளை ஓடுகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. முதல் தரச் சரக்கைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார்.

"அவ அம்மா நிறம் பெரியம்மா. நல்லா இருக்கால்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டு வாளியோடு படியேறிவிட்டேன். பாதித் தண்ணீர் படியிலேயே சிந்திப்போயிற்று.